அலைக்கு போர்டா, காற்றுக்கு போர்டா?

பெருங்குடியிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றதால் விவரம் மட்டும். மென்பொருள் வேலை, எடை 78 கிலோ, உயரம் 175 செ.மீ. இரண்டு வருடமாக விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ராமேஸ்வரம் போய், இடுப்பளவுத் தண்ணீரில் கைட்சர்ஃபிங், அதாவது கைட் என்னும் பெரிய காற்றாடி இழுக்க போர்டில் நின்று நீர்மேல் ஓடுவது, கற்றிருக்கிறார். இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும் 138 செ.மீ. ட்வின்டிப் போர்டும், 9 மற்றும் 12 சதுர மீட்டர் கைட்டுகளும் சொந்தமாக வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஓட்டி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர முடிகிறது. இடது காலை முன்வைத்து நிற்பதுதான் வசதி. இனி ஒவ்வொரு தடவையும் ரயில் ஏற நேரமில்லை, சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கத்து அலைகளிலேயே ஓட்ட வேண்டும் என்பது ஆசை.

அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. நண்பர் ஒருவர் தன்னுடைய 6 அடி, 34 லிட்டர் சாதாரண சர்ஃப் போர்டை 18,000 ரூபாய்க்குத் தருகிறார். வெளிநாட்டுச் சரக்கு விற்கும் ஒருவர் 5 அடி 1 அங்குலம், 21 லிட்டர் கார்பன் போர்டைக் காட்டி, “அலையில் சின்ன போர்டுதான் சட்டென்று திரும்பும்” என்கிறார். விலை 95,000 ரூபாய், பில் கேட்காவிட்டால் 10,000 குறைவு. மூன்றாவது வழி, இருக்கிற ட்வின்டிப்பையே அலைக்கும் வைத்துக்கொள்வது. கூடவே சில கேள்விகள்: பெரிய அலைக்குப் பெரிய போர்டுதானே? போர்டைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷைக் கட்டிக்கொண்டால் ஆழத்தில் போர்டு தொலையாதே? ஜூன், ஜூலையில் விடியற்காலையிலேயே மொட்டைமாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, ஆபீஸுக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரலாமா? மனைவிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் விடியற்காலை வீசுவது மேற்கிலிருந்து வரும் கரைக்காற்று. நமக்குக் கடல் கிழக்கே. அந்தக் காற்றில் கைட் விழுந்தாலோ, கயிறு சிக்கினாலோ, போர்டு கைவிட்டுப் போனாலோ நீங்கள் போகும் திசை வங்காள விரிகுடாவின் நடு. போதாக்குறைக்கு அது கட்டடங்களையும் சவுக்குத் தோப்புகளையும் தாண்டி வருவதால் விட்டு விட்டு அடிக்கும். ஒரு தடை எவ்வளவு உயரமோ அதன் ஏழெட்டு மடங்கு தூரத்துக்காவது காற்று குழம்பியே இருக்கும். மொட்டைமாடியில் அருமையாகத் தெரிகிற காற்று கரையோரத்தில் கைட்டைத் தூக்கி எறியும். எந்த போர்டு வாங்கினாலும் சரி, கரைக்காற்றில் கைட் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

நம் கரையில் கிடைப்பது என்ன

போர்டைப் பற்றிய உங்கள் கேள்விகள் எல்லாமே அலையிலிருந்து தொடங்குகின்றன. தவறு அங்கேதான். துடுப்பைப்போலக் கையால் நீரைத் தள்ளி அலையைப் பிடிக்கிறவர்களுக்கு அலைதான் கணக்கு. கைட்காரரை அலைவரை கொண்டுபோவது காற்று. எனவே போர்டின் நீளத்தையும் கனஅளவையும் முதலில் தீர்மானிப்பது உங்கள் எடையும் உங்களுக்குக் கிடைக்கிற காற்றும். அலையின் வடிவம் அதற்கு அடுத்தபடியாக, வாலையும் அடிவளைவையும் தீர்மானிக்கும். அலையின் உயரம் கடைசியில்தான் வரும். பெரிய அலைக்கு நீள போர்டு என்பது கையால் துழாவிப் பிடிக்கிறவர்களின் விதி. கைட் இழுக்கும்போது அது பொருந்தாது.

சென்னையில் கோடைக்காலக் கடல்காற்று மதியவாக்கில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து தொடங்கி, மாலை நெருங்க நெருங்கத் தெற்கிலிருந்து வீசுவதாக மாறும். இந்த மாற்றம் உங்களுக்கு முக்கியம். ஒரு மணிக்கு நேர்க்கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று உங்களைக் கரையோர அலையிலேயே அமுக்கி வைக்கும், வெளியே போகவே விடாது. அதே காற்று நான்கு மணிக்குத் தெற்கே திரும்பிக் கரைக்குப் பக்கவாட்டில் ஓடும்போது உள்ளே போவதும் வருவதும் சுலபம். பல நாட்கள் அதன் வேகம் 12 முதல் 16 நாட் (knot) அளவில்தான் இருக்கும். 18 நாட் என்றால் நல்ல நாள். 12 நாட் என்பது மணிக்கு 22 கி.மீ., 18 நாட் என்பது 33 கி.மீ. கேட்க ஒன்றரை மடங்குதான். ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும், ஆகவே இழுப்பு இரண்டேகால் மடங்கு. வெளிநாட்டு வீடியோக்களில் 25 நாட் காற்றில் குட்டி போர்டு பறப்பதைப் பார்த்துவிட்டு அதையே நம் 13 நாட்டில் எதிர்பார்ப்பதால்தான் பாதிப் பேர் தவறான போர்டை வாங்குகிறார்கள்.

அலையும் அப்படித்தான். நேராக நீண்ட மணற்கரை என்பதால் அலை ஒரு முனையிலிருந்து உடைந்துகொண்டே போகாமல், பல இடங்களில் மொத்தமாகச் சாய்ந்து விழும். காற்றே கிளப்பும் அலைகளுக்கு இடைவெளி ஐந்து முதல் எட்டு விநாடி. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து நீண்ட தூரம் பயணித்து வரும் அலைகளில்தான் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி கிடைக்கும், முகமும் ஒழுங்காக இருக்கும். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச சர்ஃபிங் போட்டி நடந்ததும் இந்தப் பருவத்தை நம்பித்தான். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று பலமாக இருக்கும், ஆனால் கடல் கலங்கி, அலை ஒன்றன்மேல் ஒன்றாக வரும். புயல் எச்சரிக்கைக் காலமும் அதுதான். புதிதாகத் தொடங்க ஏற்றதல்ல.

உங்கள் இடது கால்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பயனுள்ள தகவல். தெற்குக் காற்றில் அலையோடு கரையை நோக்கி வரும்போது இடது கால் முன்னால் இருக்கும். அலைமுகத்தில் வடக்கே திரும்பினால் உங்கள் முகம் அலையைப் பார்த்தபடி இருக்கும். அதாவது கோடைப் பருவம் உங்கள் உடம்புக்குச் சாதகம். வாடைக்காற்றில் இதெல்லாம் தலைகீழ்.

சிக்கல் வெளியே போகும்போது வருகிறது. தெற்குக் காற்றில் கடலை நோக்கிப் போக வலது கால் முன்வர வேண்டும். ட்வின்டிப் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் இதுவரை இதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். சர்ஃப் போர்டுக்கு மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். உடைகிற அலைகளுக்கு அப்பால், ஆழத்தில், ஓடிக்கொண்டே போர்டைத் திருப்பிக் கால்களை மாற்ற வேண்டும். எந்த போர்டு என்ற கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இந்தக் கால்மாற்றத்திலிருந்துதான் வருகிறது.

மூன்று போர்டுகளில்

கார்பன் போர்டை வாங்காதீர்கள். அது மோசமான பொருள் என்பதால் அல்ல. 21 லிட்டர், 5 அடி 1 அங்குலம் என்பது 60, 65 கிலோ ஆளுக்கோ, 22 நாட்டுக்கு மேல் காற்று நிச்சயமாக அடிக்கும் கரைக்கோ செய்தது. 78 கிலோவோடு 14 நாட்டில் அதன்மேல் நின்றால் போர்டு நீரைக் கிழித்து மேலே எழாது. எழுப்ப 12 சதுர மீட்டர் கைட்டை விசையாக ஆட்ட வேண்டும். பெரிய கைட் மெதுவாகத் திரும்பும், அலையில் ஓட்டும்போது உங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. அலையோடு கரைநோக்கி வரும்போது காற்றும் நீங்களும் ஏறக்குறைய ஒரே பக்கம் போவதால் கயிறு தளரும். அந்த இரண்டு மூன்று விநாடி உங்களைத் தாங்குவது போர்டின் கனஅளவு மட்டுமே. குட்டி போர்டு அங்கே அமுங்கி நின்றுவிடும், பின்னால் வரும் அலை உங்கள்மேல் விழும். “சட்டென்று திரும்பும்” என்று விற்பவர் சொல்வது உண்மைதான். திரும்புவதற்கு முதலில் ஓட வேண்டுமே.

நண்பரின் 6 அடி போர்டு அந்த வகையில் நல்லது: மெல்லிய காற்றிலும் எழும், கால் மாற்ற இடம் இருக்கும். ஆனால் 34 லிட்டர் என்பது கைட்டுக்குத் தடித்த விளிம்பு. காற்று 16 நாட்டைத் தாண்டினால் விளிம்பை நீருக்குள் அழுத்த முடியாமல் சிற்றலைமேல் தட்டித் தட்டிக் குதிக்கும். அதைவிட முக்கியம் அதன் உடம்பு. சாதாரண சர்ஃப் போர்டின் மேல்தளத்தில் கண்ணாடியிழைப் பூச்சு மெலிது. கைட்டின் இழுப்பை எதிர்த்து நிற்கும்போது உங்கள் எடை முழுவதும் இரண்டு குதிகால்களில் இறங்கும். சில வாரங்களில் குழி விழும், பிறகு இரண்டு கால்களுக்கு நடுவே குறுக்கே விரிசல், ஒரு தாவலில் இரண்டாக முறியும். கைட்டுக்கென்று செய்யும் சர்ஃப் போர்டுகளில் இந்த இடங்களில் கூடுதல் அடுக்குகள் இருக்கும். அதனால்தான் அவை எடையும் விலையும் அதிகம்.

ட்வின்டிப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அதில் அலைமுகத்தில் சறுக்க முடியாது என்பது சரியே, கயிற்றின் இழுப்பு இல்லாமல் அது ஓடாது. ஆனால் கரையோர அலையைத் தாண்டி வெளியே போகவும், ஆழத்தில் விழுந்து எழவும் பழகுவதற்கு உங்களிடம் இருப்பதிலேயே சிறந்தது அதுதான். பாதம் பட்டைக்குள் இருப்பதால் ஒரு கவலை குறைவு.

வாங்க வேண்டியது

என் பரிந்துரை: நண்பரின் போர்டை வாங்காமல், ஐந்தாறு நாளைக்கு இரவலாகக் கேளுங்கள். கால்மாற்றத்தை அதில் கற்றுக்கொண்டு, பிறகு கைட் சர்ஃப் போர்டு ஒன்றை வாங்குங்கள். நீளம் 5 அடி 8 முதல் 5 அடி 10 அங்குலம். அகலம் 19 அங்குலத்தை ஒட்டி. கனஅளவு 25 முதல் 28 லிட்டர்.

இந்த லிட்டர் கணக்கில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. 27 லிட்டர் போர்டு கடல்நீரில் சுமார் 27 கிலோவைத்தான் தாங்கும், அதில் போர்டின் சொந்த எடை மூன்றரை கிலோவைக் கழியுங்கள். 78 கிலோ ஆளை அது மிதக்க வைக்காது. காற்று ஒரு நொடி தளரும்போது மூழ்காமல் வழுக்கிக்கொண்டு போகவும், திரும்பும்போது நிலைதடுமாறாமல் இருக்கவும்தான் அந்த லிட்டர். இந்த அளவு போர்டு இருந்தால் 16, 17 நாட்டில் ட்வின்டிப்புக்கு 12 சதுர மீட்டர் தேவைப்பட்ட இடத்தில் 9 போதும் என்ற நிலை வரும். அலையில் ஓட்டுவதன் சுகமே அந்தச் சிறிய கைட்டில்தான் இருக்கிறது.

அடிவளைவு, அதாவது ராக்கர், தட்டையாக இருக்கட்டும். வளைவு அதிகமானால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தாது என்பது உண்மை, ஆனால் நம் சாய்வான, வலுவில்லாத அலைக்கு அது வேகத்தடை. காற்றுக்கு எதிராக ஏறவும் சிரமம் தரும். வால் சதுரமாகவோ, முனை மழுங்கிய சதுரமாகவோ இருந்தால் இந்த அலைக்குப் போதும். கூர்வால் வேகமான பெரிய அலைக்கு. ஃபின், அதாவது வாலின் அடியில் மாட்டும் மீன்துடுப்பு போன்ற தகடு, மூன்று வைத்துத் தொடங்குங்கள், நடுத்தர அளவு. நான்கு ஃபின் வைத்தால் வேகமும் எதிர்க்காற்று ஏற்றமும் கொஞ்சம் கூடும், ஆனால் மூன்றுதான் திருப்பத்தில் கணிக்கக்கூடியதாக இருக்கும். ஐந்து துளை உள்ள போர்டு கிடைத்தால் பிற்பாடு இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

காலுக்கு ஸ்ட்ராப் வேண்டுமா? முதல் வருடம் வேண்டாம். அலை கவிழ்க்கும்போது ஒரு கால் மட்டும் பட்டைக்குள் மாட்டிக்கொண்டால் கணுக்காலும் முழங்காலும் திருகும். ஆனால் திருகாணித் துளை உள்ள போர்டாக வாங்கினால் பிறகு மாட்டிக்கொள்ளும் வசதி இருக்கும். பிடிப்புக்கு மெழுகை நம்ப வேண்டாம். வெப்பமண்டல மெழுகுகூட நம் மணலில் கால்மணி நேரம் வெயிலில் கிடந்தால் வழியும். முன்காலுக்கும் பின்காலுக்கும் ரப்பர்போன்ற பஞ்சுவிரிப்பு ஒட்டிய போர்டே நல்லது.

போர்டின் அடியில் தண்டு வைத்து இறக்கை பொருத்திய ஃபாயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரியின் மெல்லிய காற்றுக்கு அது அருமையான கருவி. முக்கால் மீட்டருக்கு மேல் நீருக்கடியில் நீளும் தண்டோடு நம் மணல்திட்டுகளில் அலை ஓட்டப் பழகுவது வேறு கதை. இப்போது வேண்டாம்.

பழைய போர்டைப் பார்க்கும்போது

புதிதுக்குப் பணம் இல்லாமல் பழைய கைட் சர்ஃப் போர்டு வாங்குவதானால், முன்கால் வைக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் பூச்சு உள்நுரையைவிட்டுப் பிரிந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்ற ஓசை ஒரு இடத்தில் மந்தமானால் அங்கே சந்தேகம். கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கம் குறுக்கே மடிப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் இருக்கலாகாது. எடைபோட்டுப் பாருங்கள். சொன்ன எடையைவிட அரைக் கிலோ கூடியிருந்தால் உள்ளே தண்ணீர்.

பழுது பார்ப்பதில் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. மீன்பிடி ஃபைபர் படகுகளைச் சரிசெய்பவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆனால் அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். கைட் சர்ஃப் போர்டு பலவற்றின் உள்ளே இருப்பது வெள்ளை ஈபிஎஸ் நுரை, அதாவது டிவி பெட்டியோடு வரும் தெர்மாகோலின் உறவு. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்து பள்ளமாகிவிடும். எபாக்சி மட்டுமே பூச வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், அதுவும் விரிசலை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்த பிறகு.

பில்லும் உத்தரவாதமும்

10,000 ரூபாய்க்காக பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள். பூச்சு பிரிவது போன்ற உற்பத்திக் குறை மூன்றாம் மாதம்தான் தெரியவரும். பில் இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற உதவி எண் இருக்கிறது. உத்தரவாத அட்டையில் கைட்டோடு பயன்படுத்துவது சேர்த்தியா என்று வாசித்துப் பாருங்கள். சாதாரண சர்ஃப் போர்டாக விற்றதைக் கைட்டில் முறித்துக்கொண்டு போய் நின்றால் தட்டிக்கழிக்க அவர்களுக்கு இடமிருக்கும்.

லீஷ் கட்டாதீர்கள்

கையால் துழாவிச் சர்ஃப் செய்பவருக்கு லீஷ் பாதுகாப்பு. கைட்காரருக்கு அது ஆபத்து. நீங்கள் விழுந்ததும் கைட் உங்களை ஒரு பக்கம் இழுக்கும், போர்டு அலையில் மாட்டி எதிர்ப்பக்கம் நிற்கும், நடுவில் லீஷ் ரப்பராக நீளும். அலை விட்டதும் போர்டு கவண்கல்போலத் திரும்பி வரும், ஃபின்னோடு. தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், லீஷ் வேண்டாம். கைட்டையும் உங்களையும் இணைக்கும் குட்டைப் பாதுகாப்புக் கயிறு வேறு, அது கட்டாயம்.

போர்டு இல்லாமல் நீந்துவதுபோலக் கைட்டின் இழுப்பில் போய் அதை மீட்பதுதான் உங்களுக்கு இன்னும் வராத வித்தை என்று நினைக்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் எல்லோரும் நடந்துபோய் எடுத்துவிடுவார்கள். ஒரு கையை ஃபின்போல நீருக்குள் நீட்டி, கைட்டைத் தாழ்வாக ஒரே பக்கம் நிறுத்தி, காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் பழக வேண்டும். ஐம்பது மீட்டர் எதிர்க்காற்றில் இப்படி ஏற முடிந்த பிறகே ஆழத்துக்குப் போங்கள். ஆறுதலான விஷயம், கடல்காற்றில் நழுவிய போர்டை அலையே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இறங்கும் வரிசை

முதலில் ராமேஸ்வரத்தின் தட்டைத் தண்ணீரில் அந்த இரவல் போர்டோடு இரண்டு நாள், கால்மாற்றம் மட்டும். அடுத்து பிப்ரவரி, மார்ச்சில் இங்கே கடல் சாதுவாக இருக்கும்போது ட்வின்டிப்போடு முழங்கால், தொடை உயர அலை. அதற்கப்புறம்தான் சர்ஃப் போர்டோடு அலை. தொடக்கத்தில் இடுப்புயரத்துக்கு மேல் வேண்டாம். கரையோர அலையைக் கடக்கும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவே பிடிக்காதீர்கள், அலை அதை உங்கள் நெஞ்சில் அறையும். பக்கவாட்டில், மூக்கு கடலைப் பார்த்தபடி. திரும்பி வரும்போது ஃபின் மணலில் இடிக்குமுன், தொடையளவுத் தண்ணீரிலேயே இறங்கிவிடுங்கள். ஃபின் பெட்டி உடைவது அலையில் அல்ல, இந்தக் கடைசி பத்தடியில்தான்.

கோவளத்தில் தூய்மையான கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதியில் குளிப்பவர்கள் இருப்பார்கள், அங்கே கைட் கூடாது. இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறு இழுவிசையில் கத்தி. குப்பத்துப் படகுகள் கரையேறும் இடத்தையும், கரைவலை இழுக்கும் நேரத்தையும் அங்குள்ள அண்ணன்மாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தள்ளிப்போய்க் கைட்டை விரியுங்கள். அவர்கள் கடல் அது. நாளைக்கு நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் முதலில் வரப்போவதும் அவர்கள் படகுதான். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நீரோட்டம் பொதுவாக வடக்கே இழுக்கும், தெற்குக் காற்றும் அதே பக்கம். ஆகவே நீங்கள் இறங்கும் இடத்துக்கு வடக்கே ஒரு கிலோமீட்டருக்காவது கற்குவியல் தடுப்போ பாறையோ இல்லாத மணற்கரையாகத் தேர்ந்தெடுங்கள்.

மனைவியின் பயம் நியாயமானது. எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் கரையேறுவீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் அழைக்க வேண்டிய எண்கள் கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. முதல் தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போய், கைட்டைத் தரையில் அமுக்கிப் பிடிப்பது எப்படி என்று காட்டிக் கொடுங்கள். கரையில் விவரம் தெரிந்த ஒரு ஆள் இருப்பது உங்களுக்கும் நல்லது.

போர்டை வாங்கிய பிறகு, மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்துவிட்டு ஆபீஸுக்குள் போய்விடாதீர்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சு கொப்புளமாகக் கிளம்பும், அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. உள்காற்றை வெளியே விடும் காற்றுத் திருகு உள்ள போர்டானால் வெளியே எடுத்துவைக்கும்போது அதைத் தளர்த்தி, கடலுக்குள் போகுமுன் மறக்காமல் இறுக்குங்கள்.